இருக்கைக்கு ஓய்வு தேவை

சுருக்கத்தை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நான் சலவைக்கடைக்காரன். ஊரார் உட்கார்ந்து, எழுந்து, புரண்டு, கசக்கிக் கொண்டுவந்து போடும் துணிகளை நீவி நிமிர்த்தி மடித்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரின் முன் இருக்கைத் தோலில் சுருக்கம் விழுந்திருப்பதைப் பார்த்ததும், மற்றவர்களுக்கு வருவதைவிட எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அந்தக் கோபத்தை அன்றைக்கே அடக்கியிருந்தால் எங்கள் வீடு இந்தப் பாடு பட்டிருக்காது.

வண்டி எனக்காக வாங்கியதில்லை. அக்காவுக்காக வாங்கியது. அக்கா பஸ் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவள். கல்யாணம் வேண்டாமென்று சொன்னபோதும் நின்றுகொண்டுதான் சொன்னாள். வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் வண்டி பார்க்கப் போனோம். விற்பனையாளர் இயந்திரத்தைப் பற்றி என்னென்னவோ சொன்னார். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளச் சொல்லி, உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்து, இதையே வாங்கு என்றாள். வாங்கினேன்.

பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். வைத்துவிட்டால் மட்டும் போதாதாம். பிசியோதெரபி மையத்தில் இருந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தச் சில வாரங்களில் முட்டி எவ்வளவு மடங்கப் பழகுகிறதோ அவ்வளவுதான், விட்டால் உள்ளே இறுகிப் போய்விடும், அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பஸ் டிப்போவிலும் அதையேதான் சொன்னார்கள். படியேறிக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் ஓய்வு. ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா வண்டியில் ஏறுவதற்கென்று ஒரு முறை உண்டாயிற்று. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் தொப்பென்று விழுந்து, அப்படியே திரும்பி, இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே போட்டுக்கொள்வாள். அவள் உடம்பின் பாரம் முழுக்க அந்த விளிம்பு தாங்கியது. தாங்க மாட்டாமல் சுருங்கியது. சுருக்கம் நாளாக ஆக வரப்பு மாதிரி தடித்து அவள் தொடைக்கடியில் உறுத்த ஆரம்பித்தது.

அக்கா அதைப் பெரிதுபடுத்தவில்லை. "சீட்டுன்னா சுருங்கத்தான் செய்யும். நீ வண்டிய எடு," என்றாள். நான்தான் கேட்கவில்லை. உத்தரவாதம் இருக்கிறதே, ஒரு மணி நேரத்தில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தொழிலில் கறை பட்ட துணி வந்தால், வெளுப்பவர் கண்ணுக்குத் தப்பாமல் இருக்க, கறையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுவோம். கைப்பழக்கத்தில் அந்தச் சுருக்கத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டேன். பார்ப்பவர்களுக்கு வசதியாக இருக்குமே என்ற நல்லெண்ணம். இந்த உலகத்தில் நல்லெண்ணத்தோடு சாக்பீஸ் எடுக்கவே கூடாது.

வண்டிக் கம்பெனிக்கு இயந்திரம் பழுதானால் போக ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே எண்ணெயும் சத்தமுமாக மனிதர்கள் வேலை செய்கிறார்கள். இருக்கைக்கு மட்டும் தனியாக ஒரு கட்டடம். அதன் பெயர் இருக்கை நல மையம். வாசலிலேயே 'அமைதி: இருக்கைகள் ஓய்வெடுக்கின்றன' என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வழவழப்பான தோல் சோபாக்கள் வரிசையாகப் போட்டு, நடுவில் கயிறு கட்டி, யாரும் கிட்டே போகாதபடி தடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

என்னை ஓர் ஆலோசகர் அழைத்தார். வெள்ளைக் கையுறை போட்ட இளைஞர். பிரசவ அறை வாசலில் பேசுவது போலத் தாழ்ந்த குரல். இருக்கையில் சுருக்கம் விழுந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வார்த்தையை இங்கே பயன்படுத்துவதில்லை என்றும், அது அனுபவ ரேகை என்றும் விளக்கினார். தோல் நம்மோடு பழகுகிறது, அந்தப் பழக்கத்தின் அடையாளம்தான் ரேகை என்றார். பழக்கம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது, அக்கா தொடையில் குத்துகிறது என்றேன்.

பிறகு கேள்விகள் வந்தன. யார் உட்காருவார்? எந்தத் துணி உடுத்தி உட்காருவார்? உட்காரும்போது என்ன மனநிலையில் இருப்பார்? அக்கா கோபமாக உட்காருவாளா என்று கேட்டார். அக்கா எதையுமே கோபமாகத்தான் செய்வாள் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்து உத்தரவாத விதி என்ன என்று பாடம் நடத்தினார். உட்கார்ந்ததால் வந்த ரேகை என்றால் கம்பெனி பொறுப்பில்லை. யாரும் உட்காராமலேயே வந்திருந்தால் அது தயாரிப்புக் குறை; உடனே புது இருக்கை. உட்காராமல் யார் சார் வண்டி வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும், அவர்கள்தான் கம்பெனியின் மதிப்புமிக்க வாடிக்கையாளர்கள் என்றும் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது.

இருக்கையைப் பார்த்துவிடலாம் என்று வெளியே வந்து வண்டிக் கதவைத் திறந்தார். சாக்பீஸ் வட்டத்தைக் கண்டதும் அப்படியே இரண்டடி பின்னால் போய்விட்டார். என்ன சார் இது என்று கேட்டார். அடையாளம் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அதனாலென்ன, துடைத்தால் போகிறது என்று நான் கட்டைவிரலை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க சார். இது வெளித்தலையீடு. இனிமே இது சாதாரணக் கேஸ் இல்ல."

பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி, நடையில் ஒரு நிதானம். அவர் வந்ததும் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்த வாடிக்கையாளர்கள்கூட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள். வட்டத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

சலவைக்கடை என்றேன்.

"அதான். சுருக்கத்தையே பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே சுருக்கமாத் தெரியுது. நாங்க உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. வண்டிய யார் வேணா விப்பாங்க. நாங்க இருக்கை விக்கிறோம். அதை உக்கார்றதுக்குன்னு நெனச்சா அங்கதான் தப்பு ஆரம்பிக்குது."

வாடிக்கையாளர் இரண்டொருவர் தலையாட்டினார்கள். அவர் தொடர்ந்தார்: மனிதர்கள் வருவார்கள், போவார்கள், இறங்கிப் போனபின் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இருக்கைதான் கடைசிவரை அங்கேயே இருக்கிறது, அதற்காக யோசிக்க யாராவது வேண்டாமா? சாக்பீஸ் தூள் தானாகத் தோலை விட்டு நீங்கும்வரை வண்டி மையத்திலேயே ஓய்வில் இருக்கும் என்று தீர்ப்பாயிற்று. அக்காவின் முட்டியைப் பற்றிச் சொன்னேன். பிசியோதெரபிக்கு இந்த வண்டியை விட்டால் வழியில்லை என்றேன். அவர் ஆறுதலாக என் தோளைத் தட்டி, மாற்று வண்டி தருவதாகச் சொன்னார்.

மாற்று வண்டி பளபளவென்று இருந்தது. அதன் முன் இருக்கை காட்சிக்கானது, உட்காரக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்கா அதைப் படித்தாள். பல வருடமாகப் பயணிகளை அதட்டி உட்கார வைத்தவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? முதுகைக் காட்டி நின்று தொப்பென்று விழுந்தாள். வண்டி வீல் என்று அலறியது. இயந்திரம் நின்றுவிட்டது. அவள் எழுந்தால் ஓடும், உட்கார்ந்தால் நிற்கும். பின் இருக்கையில் ஏற்றலாமென்றால் முன் இருக்கை ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அந்த இடுக்கில் முட்டி மடங்காதவர்கள் ஏற முடியாது. முட்டி மடங்கினால் பிசியோதெரபிக்குப் போகவேண்டிய தேவையே இல்லை.

வாடகைக் கார் பிடித்துப் பார்த்தேன். ஓட்டுநரும் நானுமாகக் காலை உள்ளே திணிக்கப் போய், தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்து, மருத்துவர் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். இன்னொரு முறை இப்படிக் காலை இழுத்தால் தன்னிடம் வரவே வேண்டாம் என்றார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். உயிர் போகிற நிலையா என்று கேட்டார்கள். உயிர் இல்லை, முட்டிதான் என்றதும் வைத்துவிட்டார்கள். பிசியோ அம்மாள் தன் விடுமுறை நாளில் ஒருமுறை வீட்டுக்கே வந்தார். காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மையத்தில் இருக்கும் எந்திரத்தில் போட்டு மடக்கினால்தான் உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படியாவது என்ற சொல் அன்றிலிருந்து என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்துவிட்டு நின்றுவிடுவேன். யாரோ ஒருவருடைய கல்யாணச் சட்டையில் முக்கோணமாகக் கருகிப் போனதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

தினமும் இருக்கை நல மையத்துக்கு நடையாய் நடந்தேன். வண்டியைப் பார்க்கவேண்டும் என்று கெஞ்சியதன் பேரில் ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்டார்கள். காலில் துணி உறை மாட்டிக்கொண்டு போனேன். மங்கலான விளக்கு. வண்டியின் கதவுகள் நான்கும் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் வெதுவெதுப்பான துணியை என் இருக்கை மேல் விரித்து, மெல்ல அமுக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ களிம்பை எடுத்து விளிம்பில் வட்டமாகத் தேய்த்தார். சாக்பீஸ் வட்டத்தை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார். தேய்த்து முடித்ததும், தோல் இறுகிவிடாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை இப்படிச் செய்கிறோம், ஒருநாள் விட்டாலும் கெட்டுவிடும் என்று பெருமையோடு சொன்னார்.

அடுத்து ஓர் ஆள் வந்தார். அவர் பதவிக்குப் பெயர் அமர்வாளர். தோலுக்கு உட்கார்வது எப்படியென்று மறுபடி பழக்க, மெத்தென்ற பருத்திக் கால்சட்டை அணிந்து, அளவான எடையோடு, அளவான நேரம் அதில் உட்காருவது அவருடைய வேலை. இருக்கையைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு, முட்டியை மடக்கி அலுங்காமல் அமர்ந்தார். நான் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முட்டியும் எவ்வளவு லட்சணமாக மடங்கின! பேச்சுக்கொடுத்தேன். நல்ல மனிதர்தான்.

"வீட்டுல நான் உக்கார்றதே இல்ல சார்," என்றார். "வேலைய வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுல்ல."

அங்கிருந்து நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். சார், எனக்குச் சுருக்கமே வேண்டியதில்லை, அதாவது சுருக்கம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், உறுத்தினால் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்கிறோம், வண்டியை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன். காலில் விழாத குறை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் மறுபடி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"புகார் உங்களோடதா இருக்கலாம். ரேகை எங்களோடது," என்றார் தலைவர். "பாதியில அனுப்பினா நாளைக்கு அந்த இருக்கை எங்களை என்ன நெனைக்கும்?"

எங்கள் அக்காவின் கால் பாதியில் நிற்கிறதே சார் என்றேன். கால்களுக்கென்று தனியாக நிறைய இடங்கள் இருக்கின்றன, இருக்கைகளுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கூடவே நின்ற ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அக்கா கட்டிலில் உட்கார்ந்து குதிகாலைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் வரும். பிறகு வராது. முந்தின நாள் வந்த அளவுகூட மறுநாள் வராது. ஒருநாள், நீயே பிடித்து மடக்கு என்றாள். துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டாள். நான் கணுக்காலைப் பிடித்து அழுத்தினேன். அவள் சத்தம் போடவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. என் கை தானாக விட்டுவிட்டது. என்னால் முடியவில்லை. ஊரான் துணியை அமுக்கத் தெரிந்த கைக்கு அக்காவின் காலை அமுக்கத் தெம்பில்லை.

"நீ ஒண்ணுக்கும் லாயக்கில்ல," என்றாள், துண்டை எடுத்துவிட்டு. திட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லாததுதான் என்னைக் கொன்றது.

அப்படியிருக்கும்போது மையத்திலிருந்து ஆலோசகர் போன் செய்தார். சாக்பீஸ் தானாக உதிர்ந்துவிட்டதாம். அந்த மகிழ்ச்சியான செய்தியைத் தொடர்ந்து, இறுதி விசாரணை நடக்கப்போவதாகவும், ரேகைக்குக் காரணமானவர் நேரில் வந்து தான் உட்காரும் விதத்தைச் செய்துகாட்ட வேண்டும் என்றும் சொன்னார். அவளால் வண்டியில் ஏற முடியாதே என்றேன். அதெல்லாம் கவலைப்பட வேண்டாம், சாட்சிகளை அழைத்துவரக் கம்பெனியில் வண்டி இருக்கிறது என்றார்.

சொன்னபடி வண்டி வந்தது. பின்பக்கம் சரிவுப் பலகை இறங்கியது. உள்ளே கட்டில் போல அகலமான மெத்தை. அக்காவைச் சக்கர நாற்காலியில் அலுங்காமல் ஏற்றி, காலை நீட்டி வைத்து, இடுப்புக்குத் தலையணை கொடுத்தார்கள். வண்டி கிளம்பியது. அது போன வழியில்தான் பிசியோதெரபி மையம் இருந்தது. தூரத்தில் பலகை தெரிந்ததுமே நான் ஓட்டுநரிடம், ஒரே நிமிடம் இங்கே நிறுத்துங்கள், விசாரணை முடிந்து திரும்பும்போதாவது இறக்கிவிடுங்கள் என்று மன்றாடினேன். சாட்சியை வழியில் எங்கும் இறக்கக்கூடாது என்பது விதி என்றார் அவர். பலகை எங்களைக் கடந்து போயிற்று.

"ஸ்டாப்புல கை காட்டியும் நிக்காத வண்டிய நான் இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் அக்கா.

விசாரணை மண்டபத்தில் தலைவர் நடுவில் நின்றார். பக்கத்தில் ஆலோசகர், களிம்பு தேய்த்த பெண், அமர்வாளர். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மேடையில் எங்கள் வண்டியில் இருப்பது போன்ற ஓர் இருக்கை தனியாக வைக்கப்பட்டிருந்தது. தலைவர் அக்காவைப் பார்த்து, பயப்பட வேண்டாம், வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வழக்கம்போல் உட்காருங்கள், முட்டியை மடக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி என்றார்.

அக்கா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதுகைக் காட்டி நின்றாள். இறங்கினாள். கால் மரக்கட்டை போல நீட்டிக்கொண்டே இருந்தது. அதை மடக்கப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கையால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நிதானமாகச் செய்யுங்கள் என்றார் தலைவர். மறுபடி முயன்றாள். இருக்கையின் நுனியிலிருந்து சரிந்து கீழே விழப்போனவளை நான் ஓடிப்போய்த் தாங்கினேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். என் தோளில் முகத்தை வைத்து, யாருக்கும் கேட்காமல், போச்சுடா என்றாள்.

தலைவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"இவங்களால உக்கார முடியல. பாத்தீங்களா எல்லாரும்? முட்டியே மடங்கல. உக்காரவே முடியாத ஒருத்தரால ரேகை வந்திருக்க வாய்ப்பே இல்ல. அப்ப இது உக்காராம வந்த ரேகை. முழு உத்தரவாதம்."

கைதட்டினார்கள். அமர்வாளர் உணர்ச்சிவசப்பட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு தீர்ப்பு இந்த மையத்தின் சரித்திரத்திலேயே இல்லை என்றார் ஆலோசகர். உங்களிடம் வண்டியை விட்டபோது இந்தக் கால் பாதியாவது மடங்கியது என்று நான் கத்தினேன். மகிழ்ச்சியில் வாடிக்கையாளர்கள் கத்துவது வழக்கம்தான் போலிருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்கா தலைவரை நேராகப் பார்த்து, என் கால் மடங்காமல் போனது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா என்று கேட்டாள்.

"எங்களுக்கு என்னம்மா இருக்கு இதுல. ஜெயிச்சது நீங்கதான்," என்றார் அவர், பெருந்தன்மையோடு.

வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். புது இருக்கைக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைவரே வந்திருந்தார், புகைப்படக்காரரோடு. கன்னத்தில் ஒற்றிக்கொள்ளலாம் போல அவ்வளவு வழவழப்பான தோல். ஒரு கோடு கிடையாது. முதலில் அக்கா உட்கார்ந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா வெளியே வந்தாள். விளிம்பில் விழுந்தாள். திரும்பினாள். கால் திரும்பவில்லை. பழைய நாளில் இருக்கையைப் பின்னால் தள்ளினால் பாதி மடங்கியாவது உள்ளே வந்துகொண்டிருந்த கால், இப்போது கதவுக்கு வெளியே தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்த வழியில்லை.

புகைப்படக்காரர் கோணம் பார்த்தார். தலைவர் குனிந்து, அக்காவுக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஆராய்ந்தார். பாரம் விளிம்பில் பட்டும் படாமலும் இருந்தது.

"அருமை," என்றார். "இப்படியே உக்காந்தீங்கன்னா ஆயுசுக்கும் ரேகை விழாது."

அவர்கள் போன பிறகும் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிப்போவுக்கு என்ன பதில் சொல்வது, நாளைக்கு என்ன, நாளை மறுநாள் என்ன, ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சனியன் பிடித்த சுருக்கத்தை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவளிடமே சொன்னேன். அக்கா தலையைத் திருப்பிப் பின் இருக்கையைப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது எதுல மாட்டியிருக்கு?"

போல்ட்டில் என்றேன்.

"ஸ்பேனர் கொண்டா. இதைக் கழட்டி வெளிய போடு. நான் பின்னாடி உக்காந்து நீட்டிக்கிறேன்."

உத்தரவாதம் போய்விடும் என்ற வார்த்தை என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் கடைக்கு ஓடினேன். பாய்லருக்கு வைத்திருந்த ஸ்பேனரை எடுத்துவந்து நான்கு மூலை போல்ட்டையும் கழற்றினேன். ரிப்பனோடு அந்த இருக்கையைத் தூக்கித் தெருவோரத்தில் வைத்தேன். அக்கா பின் இருக்கையில் சாய்ந்து, முன்னால் காலியான இடத்தில் காலை நீட்டினாள். இடம் தாராளமாக இருந்தது. வண்டி, இருக்கையைக் காணோம் என்று வழி நெடுகக் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. போகட்டும், நிக்காதே என்று பின்னாலிருந்து அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிசியோ அம்மாள் காலைப் பார்த்ததும் என்னைத்தான் முதலில் திட்டினார். இத்தனை நாள் எங்கே தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றார். எதைச் சொல்வது? இருக்கை ஓய்வில் இருந்தது என்றா? அவர் முட்டியைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். இன்னும் முழுசாக இறுகவில்லை, ஆனால் சுலபமில்லை என்றார். அக்காவிடம் குனிந்து, வலி உயிர் போகும், அடக்கிக்கொள்ளாதீர்கள், கத்த வேண்டுமென்றால் நன்றாகக் கத்துங்கள் என்றார். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே எந்திரம் ஓட ஆரம்பித்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. இருக்கை நல மைய ஆலோசகர். வழக்கமான தாழ்ந்த குரலில், வண்டியிலிருந்து ஒரு தகவல் வந்திருக்கிறது, இருக்கையின் இணைப்பு கிடைக்கவில்லை, எல்லோரும் கவலையில் இருக்கிறோம் என்றார்.

அப்போது உள்ளேயிருந்து அக்கா அலறினாள். நடைவழியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருமுறை. மறுபடி, இன்னும் பெரிதாக. அவள் அப்படி அலறி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

போனில் ஆலோசகருக்கும் அது கேட்டுவிட்டது. முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"என்ன சார் சத்தம்? தோல் கிழியுதா?"

"இல்ல," என்றேன். "எங்க அக்காவோட முட்டி மடங்குது."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா," என்றார். "ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன் சார்."